கணக்கை வாசிங்க ப்ரோ

"ப்ரோ" என்று தொடங்கும் செய்திகளில் பணம் இருந்ததில்லை. ஆறு வருட அனுபவத்தில் சொல்கிறேன்.

சென்ற மாதம் இரவு பதினொன்றரைக்கு வந்தது இது: "ப்ரோ, மூணு நாள் டோர்னமென்ட். பிரைஸ் பூல் 3 லட்சம். தமிழ் காஸ்ட் வேணும். நீங்க பண்ணா நல்லா இருக்கும். சர்வீஸா பண்ணிக் குடுங்க, செம எக்ஸ்போஷர் கிடைக்கும்." நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஹிந்தி யாரு பண்றாங்க?" இரண்டு பெயர்கள் வந்தன. இரண்டு பேருமே எனக்குப் பழக்கம். அவர்களுக்கு நாள் கணக்கில் சம்பளம் பேசியாகிவிட்டது என்பதும் தெரியும், ஏனென்றால் அவர்களில் ஒருவர் அன்று மதியம்தான் என்னிடம் சொல்லியிருந்தார். அதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் மூன்று புள்ளிகள் ஆடிக்கொண்டே இருந்தன. பிறகு பதில் வந்தது: "தமிழுக்கு பட்ஜெட் இல்ல ப்ரோ."

அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதி ஆகப்போவதும் ஒன்றுமில்லை, அடுத்த மாதம் வேறொருவர் இதே செய்தியை அனுப்புவார். என் சண்டை அந்த ஒரு வாக்கியத்தோடு. அதைவிட, அந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டு "சரி ப்ரோ, பண்ணிக்கலாம்" என்று இத்தனை வருடம் தட்டச்சு செய்த என்னோடு.

இந்த இதழைப் படிக்கிறவர்களில் பலருக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாமல் இருக்கலாம். ஆன்லைனில் அணிகளாக மோதும் விளையாட்டுப் போட்டிகளை யூடியூபில் நேரலையாகக் காட்டுகிறார்கள். அதற்கு ஒருவரோ இருவரோ உட்கார்ந்து நேர்முக வர்ணனை செய்வார்கள். காஸ்டர் என்பது எங்கள் உலகத்துப் பெயர். நான் பெரும்பாலும் செய்வது பிஜிஎம்ஐ. பகலில் வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல் கத்துகிறேன். என் அம்மாவிடம் கேட்டால் இந்த இரண்டு வரியைத்தான் சொல்வார்.

கத்துவது மட்டும்தானா என்றால் இல்லை. 16 அணிகள், அணிக்கு 4 பேர், மொத்தம் 64 பேர். 8 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர் என்று விரிந்த ஒரு வரைபடத்தில் விமானத்திலிருந்து குதிக்கிறார்கள். முதல் பத்து நிமிடம் ஏறக்குறைய ஒன்றுமே நடக்காது. வீடு வீடாகப் புகுந்து துப்பாக்கி பொறுக்குவார்கள், வண்டி ஓட்டுவார்கள். கிரிக்கெட்டில் பந்துக்குப் பந்து இடைவெளி என்றால் சில விநாடிகள்தான், அதை நிரப்ப வெயில், புறா, பார்வையாளர் எல்லாம் உண்டு. இங்கே பத்து நிமிடம் ஓர் அணி சும்மா ஜீப்பில் போய்க்கொண்டிருக்கும். அப்போது பேசுவதற்குத்தான் முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து குறிப்பு எடுக்க வேண்டும். எந்த அணி வழக்கமாக எங்கே குதிக்கும், யார் புள்ளிப் பட்டியலில் எந்த இடம், யார் போன வாரம் அணி மாறினான், எவனுக்கு ஸ்னைப்பர் கிடைத்தால் ஆபத்து. அந்தப் பையன்கள் வைத்துக்கொள்ளும் பெயர்களை உச்சரிக்கவே தனியாகப் பயிற்சி வேண்டும். பாதிப் பேருடைய பெயரில் எழுத்தைவிடக் குறிகள்தான் அதிகம்.

கடைசி மூன்று நிமிடத்தில் கதை தலைகீழாகிவிடும். வட்டம் சுருங்கிச் சுருங்கி ஒரு களத்துமேடு அளவுக்கு வந்து நிற்கும். அதற்குள் நாலைந்து அணிகள். ஒருவன் புல்லுக்குள் பாம்பு மாதிரிப் படுத்துக் கிடப்பான். இரண்டு அணிகள் சுட்டுக்கொண்டிருக்கும்போது மூன்றாவது அணி பின்னாலிருந்து வந்து இரண்டையும் அள்ளிக்கொண்டு போகும். கேமராவை நகர்த்துகிறவர் வேறொருவர், அவரை அப்சர்வர் என்போம். அவர் எதைக் காட்டுகிறாரோ அதைத்தான் நாம் சொல்ல முடியும், ஆனால் திரையின் மூலையில் வேறெங்கோ விழுந்துகொண்டிருக்கும் பெயர்களிலும் ஒரு கண் வேண்டும். கூடப் பேசுகிறவர் வேறு ஊரில் இருப்பார். அவர் மூச்சு இழுக்கும் சத்தத்தை வைத்து, அடுத்து அவர் பேசப்போகிறாரா, நான் பேசணுமா என்று முடிவு செய்ய வேண்டும். இது எல்லாம் ஒழுங்காக அமைந்து, "இருக்கான், இருக்கான், இன்னும் ஒருத்தன் இருக்கான்... மண்டபத்துக்குப் பின்னாடி பாரு" என்று சொல்லி வாய் மூடும் முன் அவன் எழுந்து மூன்று பேரைச் சாய்த்தால், அந்த அரை நிமிடத்துக்காக எத்தனை ராத்திரியும் விழித்திருக்கலாம். பொய் சொல்லவில்லை. ஒருமுறை அப்படி ஒரு அரை நிமிடத்தின்போது பக்கத்து வீட்டு அத்தை கதவைத் தட்டினார். "யாரையோ வெட்டிப்புட்டாங்கன்னு நெனச்சேன்டா" என்றார். அதன் பிறகுதான் சுவரில் பழைய மெத்தையை மாட்டினேன்.

ஒரு நாளைக்கு இப்படி ஆறு ஆட்டம். ஆட்டத்துக்கு ஏறத்தாழ அரை மணி. இடைவெளிகளையும் சேர்த்தால் நாலு மணி நேரத்துக்குக் குறையாது. மறுநாள் காலை ஆலையில் மேனேஜர் கேட்கும் கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்டுவேன். குரல் இருக்காது.

இதை இனாமாகச் செய்வது இந்தத் தொழிலின் பிறப்பிலேயே இருக்கிறது என்பார்கள். உண்மைதான். காஸ்டர் என்ற சொல்லே ஷவுட்காஸ்ட் என்ற மென்பொருளின் பெயரிலிருந்து வந்தது. வின்ஆம்ப் நினைவிருக்கிறதா? அதே நல்சாஃப்ட் நிறுவனம் 1990களின் இறுதியில் வெளியிட்டது அது. வீட்டுக் கணினியிலிருந்தே எவரும் இணையத்தில் ஒலிபரப்பலாம் என்றாக்கியது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குவேக் ஆடிய பையன்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். படத்தை அனுப்பும் அளவுக்கு அன்று இணைப்பு இல்லை, குரலை மட்டும் அனுப்ப முடிந்தது. 2001இல் ஹாஃப்-லைஃப் ஆட்டங்களைப் பார்க்க எச்எல்டிவி வந்தது. கவுன்டர்-ஸ்ட்ரைக் போட்டியை ஆட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்து பார்க்கலாம், வர்ணனையை வின்ஆம்பில் தனியாகப் போட்டுக் கேட்கலாம். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது. குரல் முன்னே போகும், ஆள் பின்னே சாவான். அதைக் கையால் நிறுத்தி நிறுத்திச் சரிசெய்துகொண்டு கேட்டார்கள். அந்தக் காலத்தில் மார்கஸ் கிரஹாம், பால் சலோனர் போன்றவர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டே இதைச் செய்தவர்கள்தான்.

சரி. ஆனால் அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஒன்றை விழுங்கிவிடுகிறார்கள். அன்று *யாரும்* சம்பாதிக்கவில்லை. சர்வர் கொடுத்தவனுக்கும் லாபம் இல்லை, லீக் நடத்தியவனுக்கும் இல்லை, ஆடியவனுக்குப் பெரும்பாலும் ஒரு மவுஸோ கிராஃபிக்ஸ் கார்டோ கிடைத்தால் அதிகம். எல்லோரும் கையைவிட்டுச் செலவழித்த இடத்தில் வர்ணனையாளனும் செலவழித்தான். அது நியாயம். அதே காலத்தில் தென் கொரியாவில் ஸ்டார்கிராஃப்ட் ஆட்டம் கேபிள் தொலைக்காட்சிக்குப் போனது. அங்கே 2000இலேயே ஓஜிஎன் என்ற விளையாட்டு அலைவரிசை வந்துவிட்டது. கோட் போட்ட மூன்று பேர் ஒரு மேசையில் உட்கார்ந்து கத்தினார்கள், அது அவர்களுடைய உத்தியோகம். பணம் வந்த இடத்தில் குரலுக்கும் பணம் வந்தது. மேற்கிலும் பிறகு வந்தது. 2011இல் தொடங்கிய ட்விட்ச் தளத்தை 2014இல் அமேசான் ஏறக்குறைய 97 கோடி டாலருக்கு வாங்கியது. இனாமாகப் பேசிய ராத்திரிகளுக்கும் அந்த விலையில் ஒரு பங்கு உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன்.

நம் ஊரிலும் பணம் வந்துவிட்டது. 2021இல் தொடங்கிய பிஜிஎம்ஐயின் முதல் அகில இந்தியத் தொடருக்கு மொத்தப் பரிசு 1 கோடி ரூபாய். 2022இல் இந்த ஆட்டம் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தொலைக்காட்சியில் ஓடியது. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் மின்விளையாட்டுகளுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்துவிட்டு, இதை முறையான போட்டி விளையாட்டு என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. நான் சொல்வது அந்தப் பெரிய தொடர்களைப் பற்றி அல்ல. அவற்றின் படிக்கட்டில் அடுத்த படியாக, இரண்டு லட்சம், ஐந்து லட்சம் பரிசு வைத்து வாரம் ஒன்று முளைக்கிறதே, அவற்றைப் பற்றி. ஆடுகிறவனுக்குப் பரிசு. அப்சர்வருக்குக் கூலி. போஸ்டர் செய்த பையனுக்குக்கூட ஏதோ ஒரு தொகை. தமிழில் பேசுகிறவனுக்கு எக்ஸ்போஷர்.

எக்ஸ்போஷரை எந்த வங்கியில் போடுவது? 2020 செப்டம்பர் 2ஆம் தேதி பப்ஜி மொபைலைத் தடை செய்தார்கள். நான் அதுவரை சேர்த்து வைத்திருந்த எக்ஸ்போஷர் அன்று சாயங்காலம் செல்லாத நோட்டாகிவிட்டது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐயாகத் திரும்பி வந்தது. மறுபடி சேர்த்தேன். 2022 ஜூலை 28இல் கடைகளிலிருந்து அதையும் தூக்கினார்கள், திரும்பி வர பத்து மாதம் ஆனது. கூலி வாங்கினவர்கள் அந்தப் பத்து மாதத்தைச் சமாளிக்கக் கையில் ஏதாவது வைத்திருந்தார்கள். என்னிடம் சேனலில் 1,100 பேர் சப்ஸ்கிரைப் செய்திருந்தார்கள். அதை வைத்து அரை கிலோ தக்காளி வாங்க முடியாது.

இனி என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கம் பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் மின்னொளிக் கபடி நடக்கும். இளைஞர் மன்றம் வசூல் செய்து, முதல் பரிசு பத்தாயிரமும் சுழற்கோப்பையும் என்று போஸ்டர் ஒட்டி, விடிய விடிய நடத்துவார்கள். சித்தப்பா அதற்கு மைக் பிடிக்கிறவர். அஞ்சாவது வரைதான் படிப்பு. ஆனால் அவர் பேசினால் ஆட்டம் தெரியாத கிழவிகூட எழுந்து போகமாட்டாள். "ஏறி வர்றாரு, ஏறி வர்றாரு... போனஸ் கோட்டைத் தொட்டுட்டாரு... ஏய் கார்னர், கால் மேல கண்ண வையி... ஐந்நூறு ரூபாய் நன்கொடை வழங்கிய மாரியப்பன் மளிகைக் கடைக்கு விழாக் குழுவின் சார்பாக நன்றி... புடிச்சுட்டான்யா!" ஒரே மூச்சில் வரும். ஆட்டமும் நன்கொடையும் முட்டிக்கொள்ளாமல் எப்படிச் செருகுவது என்பதை நான் அவரிடம்தான் கற்றேன். இன்று ஸ்பான்சர் பெயரைச் சொல்லும்போது அதே இடத்தில்தான் மூச்சு விடுகிறேன்.

விடிகாலையில் எல்லாம் முடிந்து கோப்பை கொடுத்த பிறகு, விழாக் குழுவில் பெரியவர் ஒருவர் வெற்றிலை பாக்குத் தட்டில் ஒரு கவரும் ஒரு துண்டும் வைத்து நீட்டுவார். முன்னாலேயே பேசியதைவிட நூறு ரூபாய் குறைந்தாலும் சித்தப்பா விடமாட்டார். சிரித்துக்கொண்டே, "மாப்ள, தொண்டைக்குச் சுக்குக் காசு விட்டுப்போச்சே" என்பார். வந்துவிடும். அவருடைய பெயர் அந்த வட்டாரத்தில் கெட்டுப்போகவில்லை. "காசுல கறார், ஆனா ஆளு வந்தா ஆட்டம் களைகட்டும்" என்றுதான் சொன்னார்கள்.

ஒரே ஒரு இடத்தில் வாங்கமாட்டார். எங்கள் ஊர் போட்டியில். தட்டை நீட்டினால் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு கவரைத் திருப்பிவிடுவார். நான் சின்னப் பையனாக இருந்தபோது கேட்டேன், "ஏன் சித்தப்பா இங்க மட்டும்?" அவர் சொன்னது: "இங்க டியூப் லைட்டு கட்டுனவன் காசு வாங்கல, கோடு போட்டவன் காசு வாங்கல, சோறாக்குனவங்க வாங்கல. நான் மட்டும் எப்படிறா வாங்குறது?" திருவிழா முடிந்து மூன்றாம் நாள் சாவடியில் வரவு செலவு வாசிப்பார்கள். இன்னார் கொடுத்தது இவ்வளவு, பந்தலுக்கு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று கேட்கலாம். கேட்பார்கள். சண்டை வரும். போன வருடம் ஒலிபெருக்கிச் செலவில் இருநூறு ரூபாய் இடித்து அடிதடி வரைக்கும் போனது. அது சொந்த ஊர்.

எங்களிடம் இனாமாகக் கேட்கிறவர்கள் எப்போதும் ஒரு சொல்லைப் பயன்படுத்துவார்கள். கம்யூனிட்டி. "நம்ம கம்யூனிட்டிக்காகப் பண்றோம் ப்ரோ." அதாவது, இது சொந்த ஊர், இங்கே காசு கேட்பது மரியாதையில்லை. சித்தப்பாவின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் இந்த ஊரின் வேஷம் உடனே கலைந்துவிடும். லைட் கட்டினவன் வாங்குகிறான், கோடு போட்டவன் வாங்குகிறான். திரையின் கீழே மூன்று நிறுவனங்களின் சின்னங்கள் மாறி மாறி ஓடுகின்றன, அவை இனாமாகவா ஓடுகின்றன? மூன்றாம் நாள் எந்தச் சாவடியில் கணக்கு வாசிக்கிறீர்கள்? வாசிங்க ப்ரோ. வரவு செலவை டிஸ்கார்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி போடுங்கள். உங்களுக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், துண்டுகூட வேண்டாம், வந்து கத்திவிட்டுப் போகிறேன்.

இந்தக் கோபம் யோக்கியமானது என்று காட்டிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

2023இல் ஒரு தொடருக்குத் தமிழ் வர்ணனையாளர்களைப் பிடித்துத் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. "டேலன்ட் கோஆர்டினேட்டர்" என்று பட்டம் கொடுத்தார்கள். அதற்கும் காசில்லை, ஆனால் பட்டம் இனித்தது. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பையன், பிளஸ் டூ முடித்துவிட்டுச் சும்மா இருந்தான். மெல்லிய குரல். ஆனால் வட்டம் சுருங்கச் சுருங்க அவன் குரல் ஏறாமல் இறங்கும். எல்லோரும் கத்தும் இடத்தில் அவன் ரகசியம் சொல்வது போலப் பேசுவான். கேட்கிறவனுக்கு முதுகு சில்லிடும். இப்படி ஒன்றை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவனிடம் நான் என்ன சொன்னேன்? "தம்பி, காசு கெடையாது, ஆனா கத்துக்கலாம். நாலு பேருக்கு உன் குரல் தெரியும்." எனக்குச் சொல்லப்பட்டதை எழுத்துப் பிசகாமல் நான் அவனுக்குச் சொன்னேன்.

நாலு நாள், நாளைக்கு ஆறு ஆட்டம். அவன் வீட்டில் பிராட்பேண்ட் இல்லை, மொபைல் டேட்டாவில்தான் ஓட்டினான். மூன்றாம் நாள் நடுராத்திரி என்னை அழைத்தான். "அண்ணே, அம்மா காசுலதான் ரீசார்ஜ் போட்டேன். அந்த ரீசார்ஜ் காச மட்டும் கேட்டுப் பாப்பமா?" நான் சொன்னேன்: "இப்பவே கேட்டன்னா அடுத்த தடவ கூப்பிட மாட்டாங்கடா."

கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களோ என்னவோ. நான் கேட்கவே இல்லை. என் பட்டம் போய்விடும் என்று பயந்தேன். அந்தத் தொடரின் விளம்பரத் துண்டில் பிறகு அவனுடைய ரகசியக் குரலைத்தான் வெட்டிப் போட்டிருந்தார்கள், அவன் பெயர் இல்லாமல். அவன் இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறான். போன தீபாவளிக்குப் பேசினோம். "இப்ப பாக்குறதுகூட இல்லண்ணே, டைம் இல்ல" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இதை எழுதப்போகிறேன் என்று சொன்னபோது கூட வர்ணனை செய்யும் நண்பர் ஒருவர் மறுத்தார். நல்ல மனிதர், அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "காசு வந்தா ஆசை போயிரும்டா. நம்ம இதை லவ் பண்ணித்தான பண்றோம்?" நாதஸ்வரக்காரர் லவ் பண்ணாமலா வாசிக்கிறார்? எந்தக் கல்யாண வீட்டிலாவது "உங்களுக்கு ராகத்து மேல பிரியம் இருக்குல்ல, அப்புறம் எதுக்குக் காசு?" என்று கேட்கிறார்களா? சித்தப்பாவுக்குக் கபடி மேல் இருந்த வெறியில் கால்பங்கு எனக்கு எதன் மேலும் இல்லை. அவர் கவரை எண்ணிப் பார்த்துத்தான் சட்டைப் பைக்குள் வைப்பார்.

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. "தமிழ் ஸ்ட்ரீமை 300 பேர்தான் பார்க்கிறார்கள். ஹிந்தியை முப்பதாயிரம் பேர். அங்கே பணம் இருக்கிறது, இங்கே இல்லை. இது வியாபாரம்." ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் தமிழ் ஸ்ட்ரீமே வேண்டாம் என்று நேர்மையாக விட்டுவிடுங்கள். விடமாட்டார்கள். ஸ்பான்சரிடம் போகும்போது "ஐந்து மொழிகளில் நேரலை" என்று காட்ட அது வேண்டும். எண்ணிக்கைக்குத் தமிழ் வேண்டும், கூலிக்குத் தமிழ் வேண்டாம். முப்பதாயிரம் பேர் பார்த்தால் முப்பதாயிரத்துக்குத் தகுந்த சம்பளம் கொடுக்கட்டும், 300 பேர் பார்த்தால் 300க்குத் தகுந்தது போதும். நான் ஹிந்திக்காரருக்குச் சமமாகக் கேட்கவே இல்லை. பூஜ்யத்தைத்தான் ஏற்க முடியவில்லை.

என்னை உண்மையில் எரிச்சலூட்டுவது மூன்றாவது. "நம்ம மொழிக்கு ஒரு சேவையா நெனச்சுக்கங்க ப்ரோ." தமிழ் என்று வந்துவிட்டால் நாம் எல்லாவற்றையும் சேவையாக்கிவிடுவோம். சிறுபத்திரிகையில் எழுதினால் சேவை, மேடையில் பேசினால் சேவை, இப்போது துப்பாக்கிச் சண்டைக்குக் குரல் கொடுப்பதும் சேவை. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் என்று ஒருவர் இருந்தார். இலங்கை வானொலியில் நாடகம் நடித்தவர், பிறகு இங்கே வானொலியில் கிரிக்கெட்டைத் தமிழில் வர்ணித்தவர். 2020இல் மறைந்தார். கிரிக்கெட்டைத் தமிழில் சொல்ல முடியுமா என்று சிரித்தவர்களின் வாயை மூடிய குரல்களில் ஒன்று அது. அரசு வானொலியில் வந்து பேசுகிறவருக்கு ஒப்பந்தப் படிவமும் கட்டணமும் உண்டு. தொகை பெரிதாக இருக்காது. ஆனால் இது வேலை, இதற்கு ஒரு விலை உண்டு என்று ஒரு காகிதம் சொல்லும். மொழிக்கு மரியாதை என்று நான் அந்தக் காகிதத்தைத்தான் சொல்வேன்.

இனாமாகச் செய்ததில் ஒரு சுகமும் இருந்தது, மறைக்கமாட்டேன். எங்களை யாரும் திருத்தவில்லை. காசு கொடுக்காதவனுக்கு அதிகாரமும் இல்லை. அதனால் எங்கள் பேச்சு எங்கள் பேச்சாகவே இருந்தது. செய்தி வாசிக்கும் தமிழும் இல்லை, ஹிந்திக்காரர்களின் கூச்சலுக்கு மொழிபெயர்ப்பும் இல்லை. வட்டத்துக்கு வெளியே மாட்டியவனை "பஸ்ஸை விட்டவன்" என்றோம். ஓர் அணி மற்றொன்றை நாலு பக்கமும் வளைத்தால் "மஞ்சுவிரட்டு" என்றோம். தனியாக மிஞ்சி நாலு பேரோடு மோதுகிறவனுக்கு என் நண்பர் வைத்த பெயர் "கடைசிப் பந்திக்காரன்". பணம் வந்தால் கூடவே ஓர் ஆள் வந்து "ப்ரோ, கொஞ்சம் டீசன்ட்டா பேசுங்க" என்பான். அந்தப் பயம் எனக்கும் உண்டு. இருந்தாலும் அதற்கு மருந்து இனாமாக உழைப்பது இல்லை. சித்தப்பா காசும் வாங்கினார், தன் வாய்க்கு வந்ததையும் பேசினார்.

என் இடத்தில் இனாமாகப் பேச இன்னொரு பையன் கிடைப்பான் என்பது எனக்குத் தெரியும். கிடைத்துவிட்டான். சென்ற மாதம் அந்த மூன்று நாள் தொடரில் யாரோ ஒரு புதுக் குரல் தமிழில் பேசியது. கேட்டேன். நன்றாகத்தான் பேசுகிறான். பெயர்களைச் சரியாகச் சொல்கிறான், இடையில் இருமுகிறான். அவனைத் துரோகி என்றெல்லாம் சொல்ல நான் யார்? அவனுடைய சேனலைத் தேடி ஒரு செய்தி அனுப்பினேன். எவ்வளவு கேட்கலாம், எப்படிக் கேட்கலாம், ரீசார்ஜ் காசையாவது முதல் நாளே வாங்கிக்கொள், கிளிப்பில் உன் பெயர் வரணும் என்று எழுத்தில் வாங்கு. நீளமாக எழுதினேன். இன்னும் பதில் இல்லை. என்னைப் போட்டிக்கு வந்தவன் என்று நினைத்திருக்கலாம்.

நான் நிறுத்தவில்லை. இப்போது யார் கூப்பிட்டாலும் ஒரு நாளுக்கு இவ்வளவு என்று சொல்கிறேன். ஐந்து பேரில் நாலு பேர் அத்தோடு காணாமல் போகிறார்கள். அந்த ஒருவரிடம் இதுவரை இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். முதல் முறை பணம் வங்கிக் கணக்கில் ஏறிய குறுஞ்செய்தியைச் சித்தப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் எட்டப் பிடித்துப் படித்துவிட்டு, "சுக்குக் காசு சேத்துக் குடுத்தானா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகளில் மட்டும் இனாமாகப் பேசுகிறேன். திண்டுக்கல்லில் கல்லூரிப் பையன்கள் சேர்ந்து நடத்தும் சின்னப் போட்டி அது. நுழைவுக் கட்டணம் கிடையாது. பரிசு, ஒரு செல்போன் கடைக்காரர் கொடுத்த நாலு இயர்போன். ரூம் கார்டுக்கு ஆன செலவை அவர்களே பங்கு போட்டுக்கொண்டார்கள். போன வாரம் 23 பேர் பார்த்தார்கள், அதில் பாதிப் பேர் தோற்றுப்போன அணிக்காரர்கள். கடைசி ஆட்டம் முடிந்ததும் நடத்துகிற பையன் மைக்கை வாங்கி, கூச்சத்தோடு, ரூம் கார்டு இவ்வளவு, போஸ்டர் ஃப்ரீ, மிச்சம் எதுவும் இல்லை என்று படித்தான். "போஸ்டருக்கு யாரு ஃப்ரீயா பண்ணா?" என்று ஒருவன் சாட்டில் கேட்டான். "என் தங்கச்சி" என்றான். "அப்ப தங்கச்சிக்கு ஒரு இயர்போன் குடுங்கடா" என்று கேட்டவன் எழுதினான். அதைப் பற்றிப் பத்து நிமிடம் சண்டை நடந்தது. நான் மைக்கை அணைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.